அந்தக் காய்ச்சல்

மூன்று மருந்தையும் அந்த வாழைக்கு நான்தான் அடித்தேன்.
முதல் மருந்துக்கு மறுநாள்
புழுக்களைக் கூட்டி அள்ளினோம்.
இரண்டாவதுக்குப் பாதி விழுந்தது.
மூன்றாவதுக்கு என் தலைதான் சுற்றியது.
ராத்திரி முழுக்க வாய் கசந்து துப்பிக்கொண்டிருந்தேன்,
புழு குருத்தைத் தின்றுகொண்டிருந்தது.

களக்காட்டு மருந்துக்கடையில் கையை விரித்தார்கள்:
“இதுக்கு மேல கம்பெனியிலயே கெடையாது.”

சாகாமல் மிஞ்சியவை ஒன்றிரண்டுதான்.
ஆயிரம் ஏத்தனையும் இன்று ஆள்வது
அந்த ஒன்றிரண்டின் பேரப்பிள்ளைகள்.

வெயிலுகந்தாள் கடன்சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
இலை இலையாகப் பார்த்துப் போனாள்.
பச்சையாற்றை ஒட்டிய கடைசி வரிசையில்
பின்னங்கால்களால் இலையைப் பற்றியபடி
சில தலைகீழாய்த் தொங்கின.
தொட்டதும் தோல் கிழிந்து
கஞ்சியாய் ஒழுகின.
“இதுகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கு” என்றாள்.
“அந்தக் காய்ச்சல் எனக்கு வேணும்.”

நூறு எண்ணிப் பொறுக்கினாள்.
மிக்சியில் அரைத்தாள்,
அந்த ஜார் அதன்பிறகு அடுக்களைக்குத் திரும்பவில்லை.
வேட்டித்துணியில் வடித்து
கருப்பட்டி கரைத்து ஊற்றி
வெளுப்புக்குப் போடும் நீலமும் கொஞ்சம்.

நான் காலையிலேயே டேங்கோடு வந்துவிட்டேன்.
“வெயில் பட்டா இது செத்துரும்லே,
மலைக்கு அங்கிட்டு எறங்கட்டும்.”
வெயிலுகந்தாள் என்று பேரை வைத்துக்கொண்டு
வெயில் எப்போது தொலையும் என்று உட்கார்ந்திருந்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மூக்கில் துண்டு கட்டாமல்
நான் அடித்த முதல் மருந்து அது.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை.
தின்றன.
வட்டிக்காரர் வந்து
ஓட்டை இலை வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.
ஆறாம் நாள் தின்பது நின்றது.
ஏழாம் நாள் எல்லாம் மேலே ஏறின,
யாரோ கூப்பிட்டதுபோல,
உச்சி இலையின் விளிம்புவரை.
அங்கே கொடியில் காயப்போட்ட மாதிரி வரிசையாக.

அவள் மறுபடி நூறு எண்ணி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினாள்.

மூடும்போதுதான் கண்ணில் பட்டது,
கொழுத்து, பளபளவென்று ஒரே ஒரு புழு,
நீலம் காய்ந்த இடத்தையே கடித்துக்கொண்டு.
நசுக்கக் கை நீட்டினேன்.
“இரு” என்றாள்.
முழங்காலில் கையூன்றிக் குனிந்து
நெடுநேரம் பார்த்தாள்.
“இவனுக்கு என்ன காய்ச்சல் வரும்னு பாக்கணும்.”

அடுத்த வாரத்துக்கும் டேங்கைக் கேட்டிருக்கிறாள்.
இந்த வார வாடகையே இன்னும் பாக்கி.