ரேன், ரியேன்

குணபூஷணம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.
சர்க்கரை? இல்லை.
பிரஷர்? இல்லை.
அறுவை சிகிச்சை?
நான் பேசவில்லை.
மேசைக் காற்றாடி படிவத்தின் மூலையைத்
தூக்கித் தூக்கிப் பார்த்தது.
அடுத்த பக்கம் என்னவென்று அதற்கும் அவசரம்.

ஓராண்டு தங்க விசா.
முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத காப்பீடு,
இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு உட்பட.
நெல்லித்தோப்பு மருந்துக்கடையில்
பதினெட்டு வருடமாக பில் போடுகிறவள் நான்.
என் பெயருக்கு நேரே இவ்வளவு பெரிய தொகையை
இப்போதுதான் பார்க்கிறேன்.
அதுவும் நான் விழுந்தால்தான்.

"தழும்பு இருந்தா சொல்லிடுங்க மேடம்.
பின்னால க்ளெய்ம் நிக்காது."

சொன்னேன்.
இடது சிறுநீரகம். ஜிப்மர். ஆறு வருடமாகிறது.
யாருக்கு என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
ஒர்த்தான்ஸுக்கு. தங்கை.
காது குத்தும்போது ஆசாரியின் விரலைக் கடித்தவள்.
அடுத்த வருடமே புருஷனிடம் போய்விட்டாள்,
பாரீஸைத் தாண்டி, ரயில் கடைசியாக நிற்கும் ஊருக்கு.
அங்கே அவளுக்கு ஒரு பச்சை அட்டை உண்டு.
மாத்திரைக்குக் காசு இல்லை, சோதனைக்குக் காசு இல்லை.

ஆக, என்னில் ஒரு கைப்பிடி
ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்டது.
வரிசையில் நிற்கவில்லை, புகைப்படம் கொடுக்கவில்லை.
முழுக் காப்பீட்டோடு
பனியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.
மிச்சம்தான் இங்கே
குணபூஷணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

கம்பெனி இரண்டு நாளில் பதில் போட்டது.
பிரீமியம் நாற்பது சதவீதம் கூடுதல்.
சிறுநீரகம், அது தொடர்பான எதுவும்
பாலிசியில் சேராது.
இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன்.
கொடுத்ததும் கணக்கில் இல்லை,
வைத்திருப்பதும் கணக்கில் இல்லை.
"பிரெஞ்சுக் கம்பெனி ஒண்ணு இருக்கு மேடம்,
அவங்க பிரெஞ்சுத் தாளை மட்டும்தான் படிப்பாங்க" என்றார்.

புஸ்ஸி வீதியில் முசியே அமலோர்.
கண்புரை எடுக்காத கண், பக்கத்துக்கு நானூறு.
முத்திரை குத்தி வாங்கியபிறகு வாசலில் நின்று படித்தேன்.
சிறுநீரகத்துக்குப் பிரெஞ்சில் ரேன்.
இரண்டு எழுத்து இடம் மாறி
ரியேன் என்று விழுந்திருந்தது.

இவர் தன் தங்கைக்கு
ஓர் ஒன்றுமில்லையைத் தானம் செய்தார்.
இடது பக்க ஒன்றுமில்லை.
அறுவைக்குப் பின் நலமாக இருக்கிறார்.

சைக்கிளில் போன பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

ஒன்றுமில்லைக்கு எந்தக் கம்பெனி
நாற்பது சதவீதம் போடும்?

ஒர்த்தான்ஸும் இதைத்தான் சொல்கிறாள், ஞாயிறுதோறும் போனில்.
உடம்பு எப்படி என்றால்
ரியேன், அக்கா, ரியேன்.
கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போவதை
அவள் மகன் அவளுக்குத் தெரியாமல் எனக்கு அனுப்புகிறான்.
அதற்குத்தான் போகிறேன்.
கொடுக்க இன்னொன்று இல்லை.
பக்கத்தில் இருக்கலாம், ரசம் வைக்கலாம், திட்டலாம்.

மூன்று நாள் அந்தத் தாள் பையில் கிடந்தது,
கடைச் சாவியோடும் கசங்கிய பஸ் டிக்கெட்டோடும்.
நான்காம் நாள் முசியே வீட்டு மணியை அடித்தேன்.

"இதுக்கா வந்தே? படிக்கிறவனுக்குப் புரிஞ்சிடுமே."
புரியும் முசியே. இருந்தாலும் அது ரேன்.

வெள்ளை மை தேடினார், காய்ந்துபோயிருந்தது.
புதுத்தாள் செருகி
முதலிலிருந்து தட்டத் தொடங்கினார், ஒற்றை விரலால்.
உடலைத் திருப்பி அனுப்பும் பிரிவு நினைவுக்கு வந்தது.
அப்படி ஒன்று நேர்ந்தால்
பெட்டியில் நூற்றைம்பது கிராம் குறைகிறதே என்று
விமான நிலையத்தில் யாராவது கேட்பார்களா?
பாக்கி அங்கே வேலையாக இருக்கிறது என்று
யாராவது பதில் சொல்வார்களா?

"தள்ளி உக்காரும்மா, வெளிச்சத்தை மறைக்கிறே."

தள்ளி உட்கார்ந்தேன்,
வலது பக்கமாகச் சாய்ந்து.