சாரத்தை எழுதுக

ஜூலை.
பத்து மணியிலிருந்து மூன்றரை வரை
வெயிலில் வேலை கூடாதென்பது தோஹாவில் சட்டம்.
ஜிப்சம் பலகை அடுக்கிய கீழ்த்தளத்தில்
எல்லோரும் முகத்தில் துண்டு போட்டுத் தூங்குகிறார்கள்.
நான் தபால்வழி எம்.ஏ., இரண்டாம் ஆண்டு.
நான்காம் தாள்: இலக்கியக் கோட்பாடுகள்.

பாடநூலில் ஒரு பக்கம் கட்டுடைப்பு என்கிறது,
திருப்பினால் கட்டவிழ்ப்பு.
எழுதியவர் இருவரோ,
ஒருவரே மறந்துவிட்டாரோ.
உடைக்கச் சம்மட்டி வேண்டும்.
அவிழ்க்க விரல் போதும்,
மொட்டுக்கு அதுவும் வேண்டாம்.
நாங்கள் இரண்டும் செய்வதில்லை.
பிரிக்கிறோம்.
பார்சலைப் பிரிக்கிற,
விமான நிலைய வாசலில் பிரிகிற
அதே சொல்.

நான் சாரக்காரன்.
குழாய், கப்ளர், பலகை, இடுப்பில் ஒரு ஸ்பானர்.
கட்டடத்துக்கு வெளியே இன்னொரு கட்டடம் கட்டி
உள்ளே இருப்பது நிமிர்ந்து நின்றதும்
வெளியே இருந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவன்.

பள்ளியில் கேட்பார்கள்:
இப்பாடலின் சாரத்தை எழுதுக.
ஐந்து மதிப்பெண்.
உள்ளே எங்கோ இருக்கிறதென்று நம்பி
எழுதி எழுதித் தேறினேன்.
இங்கே வந்த முதல் நாள்
சாரம் வெளியே நின்றது, நாற்பது மாடி உயரத்துக்கு.
அன்று இரவே மேல்கட்டிலில்
புத்தளத்து ஜெஸ்மில் தலையணையைப் புரட்டிப் போட்டு
"என்ட சாரத்தக் கண்டீங்களா?" என்று தேடியது
ஒரு லுங்கியை.

ஏணியடியில் ஓர் அட்டை தொங்கும்.
பச்சை என்றால் ஏறலாம்,
சிவப்பு என்றால் கூடாது.
பச்சைக்கு ஆயுள் ஏழு நாள்.
எட்டாம் நாள்
அதே குழாய்தான், அதே பூட்டுதான்,
ஆனாலும் ஒருவர் வந்து
அடியிலிருந்து நுனிவரை மறுபடி வாசித்துக்
கையெழுத்துப் போட வேண்டும்.
பொருள் ஒத்திப்போகிறது,
ஒத்திப்போய்க்கொண்டே இருக்கிறது என்கிற பாராவை
எங்கள் வகுப்பில் ஒரே மூச்சில் புரிந்துகொண்டவன்
நானாகத்தான் இருப்பேன்.
மே மாதச் சம்பளமும் கொஞ்சம் உதவியது.

ஆகஸ்டில் அவசரம்.
லுசைல் கோபுரத்தைப் படமெடுக்க வருகிறார்கள்,
ஒரு குழாய்கூடத் தெரியக் கூடாது.
மூன்று இரவு பிரித்தோம்.
சுவரோடு சாரத்தைப் பிணைத்த போல்ட்டைக் கழற்றி
ஒவ்வொரு துளையிலும் சாந்து வைத்துத் தடவினோம்.
விடிந்ததும் பார்த்தேன்:
சுவர் ஒரு நிறம், சாந்து அரை நிறம் குறைவு.
முழுச் சுவரும் புள்ளி வைத்த மெய்யெழுத்து.
வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்போது
லாரியின் பின்னால் உட்கார்ந்து
குப்பூஸைப் பருப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

"சாரம் எல்லாம் இறங்கிட்டா?"
நான்தான் கேட்டேன்.
"எல்லாம் இறங்கிட்டு" என்றார் ஜெஸ்மில்.

படம் வந்தது. கம்பெனிக் குழுவில் போட்டார்கள்.
கண்ணாடி, வானம், கண்ணாடி.
பதினெட்டாம் மாடிக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
கழற்ற மறந்த ஒரே போல்ட்டில்
நீலக் கட்டம் போட்ட ஏதோ படபடக்கிறது.
நிழலுக்கென்று ஜூன் மாதம் கட்டியதாம்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில்
ஃபோர்மேன் லோக்ராஜ் எழுந்து வந்தார்.
என்ன, என்ன என்றார்.
இந்தியில் சொன்னோம், அரைகுறை அரபியில் சொன்னோம்.
லுங்கி மட்டும் போய்ச் சேர்ந்தது.
மற்ற இரண்டும் எங்கள் பக்கமே நின்றுவிட்டன.
லுங்கியில் சிரிக்க என்ன இருக்கிறது
என்று அவர் கேட்டது நியாயம்தான்.

டிசம்பரில் பரீட்சை.
இதையே எழுதலாமா, திருத்துகிறவர்
சிவப்பு அட்டை மாட்டுவாரா, தெரியவில்லை.

மேலிடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.
உடனே அதை எடுக்க வேண்டுமாம்.
எட்டும் இடத்தில் ஜன்னல் இல்லை, ஏணி இல்லை.
ஜெஸ்மில் கழுத்தை அண்ணாந்து
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இப்ப அந்தச் சாரத்த எடுக்க
சாரம் கட்டணுமே."