கிட்டக் கோட்டை

பஹாவ் ஆஸ்பத்திரி, பின்கட்டு,
குளிர்சாதனம் இருமுகிற அறை.
காதுகுத்து விருந்துக்குப் போய்வந்த முப்பத்தேழு வயிறுகள்
சிறு டப்பாக்களில் வரிசையாக நிற்கின்றன.
எல்லாரும் மலிவுவீட்டு அடுக்குமாடி, சி பிளாக்.

பத்தொன்பதாம் டப்பா கவினேஷுடையது.
வயது ஐந்து. காது குத்திக்கொண்டவள் தங்கை.
கோழிப் பெரட்டலை
இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றானாம்.
இன்று ஐந்தாம் நாள், ஜுரம் இறங்கவில்லை,
இரண்டு மருந்து மாற்றியாகிவிட்டது.

சிவப்புக் கூழில் இரவெல்லாம் வளர்ந்து
கறுத்த கண்பாப்பாவோடு என்னை விழித்துப் பார்த்தன.
சால்மொனெல்லா. பழைய ஆள்தான்.
பேர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று
பத்து வருஷம் முன்பு நினைத்திருப்பேன்.

இனி மருந்து வட்டுகள்.
வைக்கோல் நிறத் தட்டில்
கிருமியை மூன்று திசையிலும் மெழுகிவிட்டு
புள்ளி புள்ளியாக ஆறு வைப்பேன்.
மருந்து வென்றால் புள்ளியைச் சுற்றி
ஒன்றும் முளைக்காத தெளிவு,
நிலவு கோட்டை கட்டுவதுபோல.

அம்மா பால்மரம் வெட்டியவள்.
விடிகாலை நாலு மணிக்கு வாளியோடு நின்று
நிலவைத்தான் முதலில் பார்ப்பாள்.
எட்டக் கோட்டை கிட்ட மழை,
கிட்டக் கோட்டை எட்ட மழை.
மழை என்றால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை.
வட்டத்தைக் கண்டால் வைவாள்.
அதே வட்டத்துக்காக நான்
பதினெட்டு மணி நேரம் காத்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தால்
ஐந்து புள்ளிகளின் விளிம்புவரை
புல் மண்டிக் கிடக்கிறது.
அளவுகோலை எடுக்கவே வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத மோதிரமொன்றைத்
தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன இவை.
மேளமில்லை, சாட்சியில்லை,
ஏதோ ஒரு கோழிக் குடலின் இருட்டில்;
மருந்தைத் தெரிந்துவைத்திருக்கிற அந்த வளையத்தை
வாங்கியது இன்னொன்றுக்குப் போட்டுவிடுகிறது.

படிவத்தில் எழுதுகிறேன்:
ஆர். ஆர். ஆர். ஆர். ஆர்.
மருந்தை எதிர்க்கிறது என்பதற்கு எங்கள் எழுத்து.
எழுதிக்கொண்டே போகையில்
அது தமிழில் கேட்க ஆரம்பித்துவிட்டது.
ஆர்?
ஆர்?

செம்பனைக்கு நடுவே நாலு கொட்டகை,
என் தம்பி அறவேந்தனுடையது.
தவுக்கே குஞ்சு கொடுக்கிறார், தீவனம் கொடுக்கிறார்,
தீவனத்தோடு பேர் ஒட்டாத ஒரு மூட்டையும்.
மஞ்சள் பொடி.
போன பள்ளி விடுமுறையில் நான்தான் கலக்கினேன்,
நீர்த்தொட்டிக்கு ரெண்டு கரண்டி.
நோயில்லாத கோழிக்கு எதுக்குடா என்றேன்.
வராம இருக்கத்தான் என்றான்.
அதற்குமேல் கேட்கவில்லை.
விரலில் மஞ்சள் மூன்று நாள் போகவில்லை.

இப்போது போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் வந்தது.
"என் கோழி ஒண்ணும் சாகலையே, அக்கா."

சாகவில்லைதான். எதுவுமே சாகவில்லை.

சுகாதார இலாகா படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்:
கோழி எங்கிருந்து?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பாத்து எண்ணோடு எழுதினேன், திருத்தமாக,
அந்த மண்சாலையில் லோரி திரும்ப வேண்டிய இடம் உட்பட.

டாக்டர் ஹஸ்லீனா கூப்பிட்டார்: ஏதாவது மிச்சம் இருக்கா?
ஆறாவது இருக்கிறது டாக்டர்.
வட்டம் உண்டு. மெலிசு,
நகத்தை ஒட்ட வெட்டினால் மிஞ்சுகிற வெள்ளை அளவுக்கு.
சிரம்பானிலிருந்து வரவழைக்க வேண்டிய மருந்து அது.
வரட்டும் என்றார்.

கிட்டக் கோட்டை.

வீட்டு ஐஸ்பெட்டியில்
தம்பி சனிக்கிழமை கொடுத்துவிட்ட ரெண்டு கோழி
பிளாஸ்டிக் பையில் கட்டையாகிக் கிடக்கின்றன.
கதவைத் திறந்தபடி நின்றேன்,
கால் சில்லிடும் வரை.