லைன் கிளியர்

ராத்திரிக் காற்றில் ஒரு சில்வர் ஓக்
மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டே
பதினோரு கே.வி. கம்பிமேல் சாய்ந்துவிட்டது.
நாகலூர்ப் பக்கம் பூராவும் இருட்டு.
விடியுமுன்னே கிளம்பினோம், நானும் தீர்த்தகிரியும்,
ஒரே டிவிஎஸ்ஸில்,
கயிறு, அரிவாள், எர்த் ராடு எல்லாம் என் மடியில்.

வழியெல்லாம் அவன் பேச்சுதான்.
தென்னமெரிக்காவில் ஒரு ஏரி இருக்காம்,
வருஷத்தில் பாதி ராத்திரி அதே இடத்தில் மின்னுமாம்,
படகுக்காரன் அதை வைத்தே திசை பார்ப்பானாம்.
"அந்த செக்‌ஷனுக்கு லைன்மேன் யாருடா?" என்றேன்.
சிரிக்கவில்லை. அடுத்ததற்குப் போனான்:
ஏதோ பாலைவனத்தில் கல் தானாக நகருமாம்,
பின்னால் கோடு கிடக்குமாம் நத்தை போன மாதிரி.
"நம்ம கம்பம் நகர்ந்தால் மெமோ தருவான்" என்றேன்.
"உனக்கு எதுவுமே அதிசயமில்லை" என்றான்.
அது உண்மைதான். குளிரில் எனக்குக் காது வலித்தது.

ஸ்விட்சைத் திறந்து, லைன் கிளியர் வாங்கி,
கிளையை அறுத்துத் தள்ளினோம்.
எர்த் ராடு மாட்டாமல்
இப்போதெல்லாம் யாரும் கம்பியைத் தொடுவதில்லை.
எவனோ ஒரு விடுதியில் ஜெனரேட்டரைத் தட்டிவிட,
செத்த கம்பி உயிரோடு வந்து
அருளப்பனைப் பிடித்த நாளிலிருந்து.

வேலை முடிந்து மேற்குப் பாறையில் நின்றோம்.
முதுகில் வெயில் அப்போதுதான் ஏறியது.
கீழே சேலமே இல்லை.
கருப்பூர் வெள்ளைக்கல் மேடு இல்லை, ரயில் இல்லை,
பள்ளம் முழுக்கக் காய்ச்சாத பால்.

அதன்மேல் நின்றான் ஒருவன்,
பனைமர உயரம், கால் எங்கள் காலடியில் தொடங்கி.
நான் கை தூக்கினேன், அவனும் தூக்கினான்.
தலையைச் சுற்றி ஒரு வட்டம்:
வெளியே சிவப்பு, உள்ளே நீலம்,
அதற்கும் வெளியே இன்னொன்று, வெளுத்துப்போய்.

"டேய், என் தலையைச் சுற்றி" என்றேன்.
"போடா, என் தலைக்குத்தான்" என்றான்.
அவன் நிழல் என் பக்கத்தில் வெறுமனே நின்றது,
சாதாரணமாக, எண்ணெய் தேய்க்காத தலையோடு.
இரண்டு வருஷம் சேர்ந்து கம்பம் ஏறியவர்கள்
அந்தப் பாறையில் சட்டையைப் பிடிக்காத குறை.

போனை எடுத்தேன். படத்தில் வட்டம் எனக்கு.
அவன் எடுத்தான். வட்டம் அவனுக்கு.
அவன் நின்ற இடத்தில் போய் நான் நின்றேன்,
கூடவே வந்தது, வளர்த்த நாய்போல.
அப்புறம்தான் உறைத்தது:
அவரவர் கண்ணுக்கு அவரவர் தலை.
அடுத்தவனுடையதைப் பார்க்க
அவன் கண்ணுக்குள் போய்த்தான் நிற்கவேண்டும்.

தீர்த்தகிரி கொஞ்சநேரம் பேசவில்லை.
"அருளப்பனுக்குப் போட்ட சீரியல் பல்பு
எல்லார் கண்ணுக்கும் தெரியுதே" என்றான்.
ஆபீஸில், ரிஜிஸ்டர் அலமாரிக்கு மேலே,
மாலை போட்ட படத்தைச் சுற்றி
பச்சையும் சிவப்பும் மாறிமாறி எரியும்.
இரண்டு பல்பு போய் மாசக்கணக்காகிறது.
மாற்றவேண்டியது நாங்கள்தான்.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.
"சப்ளை எப்பய்யா? காபி பல்பர்காரன் உயிரை எடுக்கிறான்."
எர்த்தைக் கழற்றினோம். ஸ்விட்சைப் போட்டோம்.
எங்கேயோ ஒரு மோட்டார் இருமியது,
ஒரு வீட்டில் டிவி பாதி வாக்கியத்திலிருந்து கத்தியது.

திரும்பிப் பார்த்தபோது பால் வற்றியிருந்தது.
வெள்ளைக்கல் மேடு, லாரி, எருமை மந்தைபோல் வீடுகள்.
எங்கள் நிழல் காலுக்கடியில் சுருண்டு,
ரெண்டும் ஒரே கறுப்பு.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
மரம் விழுந்து தடை. சரி செய்யப்பட்டது. 7.40.
டீக்கடையில் உட்கார்ந்து
அவன் படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன்,
என்னுடையதை அவனுக்கு அனுப்பினேன்.
அவன் வட்டம் இப்போது என் போனில் இருக்கிறது.
சார்ஜ் நாலு சதவீதம்.
இறங்கும்போது சீரியல் பல்பு வாங்கணும்.