மூன்றாவது தேதி

காரைக்குடி கேபிள் ஆபீசில்
திரைக்கு அடியில் ஓடும் வரிக்கு நான்தான் ஆள்.
ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன பசு,
நடுவே ‘இன்று பிறந்தவர்கள்’.
சென்னையிலிருந்து பட்டியல் வரும்.
எந்தச் சிரிப்பு நடிகர் எப்போது பிறந்தார்,
எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது.
எடுத்து ஒட்டுவேன்.
டீ ஆறுவதற்குள் வேலை முடியும்.

பிப்ரவரி பதினொன்றில் மட்டும் ஒன்றுமில்லை.
அன்றைக்குச் சிரிக்க வைக்கிற ஒருத்தரும்
பூமியில் பிறக்கவில்லையாம்.
‘நம்ம பக்கத்து ஆளு யாரையாச்சும் போடும்மா’ என்றார் முதலாளி.

புதுவயல் பபூன் சேவுகப்பெருமாளுக்குப் போன் போட்டேன்.
பின்னால் அரிசி ஆலை இரைந்தது.
‘பொறந்த நாளா? மூணு இருக்கு தாயி, எது வேணும்?
வாத்தியார் குடுத்தது ஜூன் ஒண்ணு,
அன்னிக்கு எங்க வகுப்பே பொறந்துச்சு.
நாடக சங்கத்து அட்டையில சனவரி ஒண்ணு.
மூணாவதுதான் நெசம்,
தேதிதான் தெரியல.’

கோட்டையூர். மாசி மாசம்.
ராஜபார்ட் வந்த வேன்
திருமயத்துக்கு இந்தப் பக்கம் படுத்துவிட்டது.
‘பத்து நிமிஷம் தாங்கு’ என்று
திரைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.
அதுவரை அவர் ஆர்மோனியப் பெட்டி தூக்குகிறவர்.

‘ஆலையில அரிசி தனி, தவிடு தனி, உமி தனி.
எங்க வீட்டுல பொண்டாட்டி தனி, சம்பளம் தனி,
நான் தனி.’

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு மூன்றாவது வரிசையில்
நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அழகம்மாள்
சிரித்தாள்.
சிரித்தாள், நிறுத்த முடியவில்லை,
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்,
கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது,
அது அடங்குவதற்குள் பனிக்குடம் உடைந்தது.

ஸ்திரீபார்ட்டின் சரிகைச் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள்.
உள்ளே அவள் அலற, வெளியே இவர்
ரெண்டரை மணி நேரம் பேசினார்.
‘நிறுத்துனா அந்தச் சத்தம் கேட்கும் தாயி,
அதான் நிறுத்தல.’

அந்தப் பிள்ளை வைரவன்.
இப்போது பள்ளத்தூரில் மின் கணக்கு எடுக்கிறார்.
அவர் சிரித்து
மீட்டர் பெட்டி பார்த்திருக்கலாம்,
மனிதர் பார்த்ததில்லை.

பிறப்புச் சான்றிதழை
ஒன்றும் கேட்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.
பிப்ரவரி இருபத்து மூன்று. விடியற்காலை நாலு பத்து.
பிறந்த இடம்: நாடகக் கொட்டகை.
எழுதிய குமாஸ்தாவுக்குக் கை நடுங்கவில்லை.

பன்னிரண்டு நாள் காத்திருந்தேன்.
பதினொன்றாம் தேதி முழுக்க
பசு மட்டும் ஓடியது.

இருபத்து மூன்று காலையில்
ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் வைரவன்.
கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் கணக்குப் புத்தகம்,
பார்வை டிவியில்.
‘புதுவயல் சேவுகப்பெருமாள்
சிரிக்க வைக்கப் பிறந்த நாள் இன்று’ என்று
இடமிருந்து... இல்லை, வலமிருந்து
வரி மெதுவாக வந்தது.
வந்து, போனது.
அடுத்த சுற்றுக்கும் நின்றார்.
அதற்கடுத்ததற்கும்.

பிறகு மாடியேறி வந்து
மேசையில் நூற்றைம்பது ரூபாய் வைத்தார்.
‘சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்.’
முகத்தில் ஒரு மாற்றமுமில்லை.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு
எங்கள் மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு
இறங்கினார்.