காரணம்

பீடோரில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
என் இரவு வேலை.
முந்நூற்றுப் பதினாறு மோடங்கள்,
திரையில் முந்நூற்றுப் பதினாறு பச்சைப் புள்ளிகள்.
ஒன்று சிவந்தால் நிமிர்ந்து உட்காரவேண்டும்,
அவ்வளவுதான் உத்தியோகம்.

யாரையும் நான் பார்த்ததில்லை.
இரண்டாம் டிவிஷனில் ஒரே மோடத்தில்
பதினான்கு கைப்பேசிகள் தொங்கும்:
வங்காளதேசத்துப் பையன்கள்,
சம்பளத்தன்று விடியும்வரை வீட்டோடு பேசுவார்கள்.
குலை ஏற்றிய லாரி கம்பியை இழுத்துப்போனால்
சாலையின் ஒருபக்கம் மொத்தமும் ஒரே நொடியில் சிவக்கும்.
அணில் கடித்தால் அப்படியில்லை,
ஒளி கொஞ்சங்கொஞ்சமாக மங்கி
மைனஸ் இருபத்தேழில் தத்தளிக்கும்.
எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், லாரியா அணிலா என்று.
ஈப்போ மேலாளருக்கு இது பிடிக்காது.
"காரணக் கட்டத்தில் அணில் என்றெல்லாம் எழுதாதே" என்பார்.

மின்சாரம் போனால்
மோடம் சட்டென்று சாவதில்லை.
உள்ளே மிஞ்சிய துளி மின்சாரத்தில்
ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும்.
அதற்குப் பெயர் கடைசி மூச்சு.
நான் வைத்த பெயரில்லை,
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாம் லயம், ஒன்பதாம் எண்.
கணக்கு: சன்னாசி த/பெ வீராக்கண்ணு.
இரவு இரண்டு பத்துக்குக் கடைசி மூச்சு,
இரண்டு முப்பதுக்கு மறுபடி உயிர்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
நாற்பத்தோரு இரவுகள்.

புது மென்பொருளை நாங்கள் இறக்குவதும்
ஊர் தூங்கும் அந்த இரண்டு மணிக்குத்தான்.
எல்லா வீட்டிலும் இறங்கிவிட்டது,
இங்கே மட்டும் பாதியில் அறுந்தபடி.
'வாடிக்கையாளர் சுவிட்சை அணைக்கிறார்.
புகாரை மூடவும்' என்றது ஈப்போ.

பகலில் போன் போட்டேன்.
மகள் எடுத்தாள்.
"அப்பாவுக்கு ராத்திரியில நெஞ்சு அடைச்சுக்கும் கா,
மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் போடணும்.
கட்டில் பக்கம் ஒரே பிளக்குதான்.
தப்பா? பில்லு ஏறுமா?"

ஏறாது என்றேன்.
அந்த வீட்டுக்கு மட்டும் நேரத்தை நாலு மணிக்குத் தள்ளினேன்.
முழுசாக இறங்கியது.
ரிட்சுவானின் வேனில்
மூன்று மீட்டர் நீட்டு வயர் ஒன்று போட்டுவைக்கச் சொன்னேன்,
கணக்கில் 'உதிரிபாகம்'.
பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அவன் அந்தப் பக்கம் போவான்.

அதற்குள் எனக்குப் பழகிவிட்டது.
இரண்டு பத்துக்கு ஒன்பதாம் எண் சிவக்கும்,
நான் பிளாஸ்க்கைத் திறப்பேன்.
மோடம் மூச்சை விட்டதென்றால்
சன்னாசி மூச்சு விடுகிறார்.

இன்று
இரண்டு பத்து. பச்சை.
இரண்டு இருபது. பச்சை.
கீழே டயர்க் கடை நாய் எதற்கோ குரைத்து ஓய்ந்தது.
ரிட்சுவானை எழுப்பிக் கேட்டேன்.
வயர் இன்னும் வேனில்தான் இருக்கிறதாம்,
வியாழக்கிழமைதானே என்றான்.

முந்நூற்றுப் பதினாறும் பச்சை.
பழுது ஏதும் இல்லை என்கிறது திரை.

ஒன்பதாம் எண்ணில் எப்போதும் இரண்டு கைப்பேசிகள்.
மூன்று மணிக்கு ஐந்து.
மூன்று இருபதுக்கு ஒன்பது.
அப்புறம் நான் எண்ணவில்லை.

நாலு மணிக்கு அந்த வீட்டு மோடத்துக்கு
வாராந்திர மறுதொடக்கம்.
ரத்து செய்தேன்.
காரணம் கேட்டது கட்டம்.
அணில் என்று எழுதினேன்.