பரிசீலனையில்

மார்பூர்க்கில் படிக்க இடம் கிடைத்துவிட்டது.
இருக்க இடம்தான் இன்னும் இல்லை.

ஹம் நகரத்தில், மூன்றாம் மாடியில்,
சாப்பாட்டு மேசைமேல் இரண்டு விடுதிகளைப் பரப்பிவைத்திருக்கிறேன்.
ஆற்றோர விடுதி: பதினேழு சதுர மீட்டர்,
தனிக் குளியலறை, தனி அடுப்பு,
முந்நூற்றுத் தொண்ணூற்றொரு யூரோ.
மேட்டு விடுதி: ஒன்பது சதுர மீட்டர்,
பதினான்கு பேருக்கு ஒரு குசினி,
இருநூற்று அறுபத்தெட்டு.
படத்தில், அந்தக் குசினியின் குளிர்பெட்டியில்
யாரோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள்:
‘என் சீஸைத் தின்றவருக்குத் தான் யாரென்று தெரியும்.’
வாசித்த நிமிடமே மனம் மேடேறிவிட்டது.
அம்மாவிடம் சொல்லவில்லை.
அம்மாவுக்குத் தனிக் குளியலறை வேண்டும்,
எனக்கு.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும்.
உதவித்தொகைக் கடிதம் எந்தக் கிழமை வருமென்று
அலுவலகத்துக்கே தெரியாது.
தபால்பெட்டிக்குள் கை விட்டால்
கடை விளம்பரம், பூசணிக்காய் மலிவு விலையில்,
கீழ்வீட்டுக்காரரின் மின்கட்டணம்,
மறுபடியும் பூசணிக்காய்.
தொலைபேசியில் திருமதி ப்ரோக்மன்
ஒவ்வொரு முறையும் அதே பதமான குரலில்,
“பரிசீலனையில் இருக்கிறது.”
ஏழாவது தடவை அவர் சொல்லுமுன் நான் சொன்னேன்.
ஒரு கணம் மௌனம். பிறகு இருவருமே சிரித்தோம்.

வந்தால் பாதி கொடை, பாதி கடன்.
வராவிட்டால்
புவனேந்திரன் அங்கிளின் சீட்டைக்
கழிவுக்குக் கேட்டு எடுப்பதாய் அப்பா சொல்லியிருக்கிறார்,
மழை வந்தால் குடை எடுப்பேன் என்பதுபோல.

வேறொரு அறக்கட்டளைக்கும் எழுதிப் போட்டேன்.
‘மற்றவர்களிலிருந்து உங்களை வேறுபடுத்துவது எது?
ஐந்நூறு எழுத்துக்குள் கூறுக.
இடைவெளிகளும் கணக்கில் சேரும்.’
இடைவெளிகளும் சேருமென்பது
அன்று முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

படிவம் மூன்று: பெற்றோர் வருமானம்.
சென்ற வருடத்தது அல்ல, அதற்கும் முந்தியது.
அப்பா பிஸ்கட் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்துத் தந்துவிட்டுக்
குளிக்கப் போனார்.
வெகுநேரம் குளித்தார்.
ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்.
பத்தொன்பது வருடம் இந்த மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்,
அந்த எண்ணை அன்றுதான் பார்த்தேன்.
கட்டம் ஒன்று மிஞ்சியது.
அந்த வருடம்தான் எனக்குச் சைக்கிள் வந்தது,
தம்பி அகரனின் பல்லுக்குக் கம்பி வந்தது,
வகுப்போடு ரோமுக்குப் போகாவிட்டால்
செத்துப்போவேன் என்று கத்தி,
போயும் வந்தேன்.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.
மார்பூர்க்குக்கு நான் போவதே
கணிதம் படிக்கத்தான்.

புதன் இரவு,
சுவருக்குப் பெயின்ற் அடிக்க வாங்கிய மஞ்சள் ரேப்பை எடுத்து
வரவேற்பறைத் தரையில்
மூன்றுக்கு மூன்று மீட்டர் ஒட்டினேன்.
அகரன் கட்டிலாகப் படுத்தான்.
இஸ்திரிப் பலகை எழுதுமேசையானது.
நடக்க இடமிருந்தது, திரும்பத்தான் இல்லை.
அம்மா வந்து பார்த்தாள்.
“கோழிக்கூடு,” என்றாள்.
உள்ளே வரவில்லை.
தேத்தண்ணியைக் கோட்டுக்கு மேலால் நீட்டிவிட்டு
ஒரு நிமிடம் நின்று,
“உடுப்பை எங்கே காயப்போடுவாய்?” என்றாள்.
அதை நான் யோசித்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு அப்பா வந்தார்,
பாண் தொழிற்சாலையின் மா சப்பாத்து மடிப்புகளில்.
மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.
படுத்திருந்த கட்டிலைப் பார்த்தார்.
எத்தனை யூரோ என்று கேட்கவில்லை,
கடிதம் வந்ததா என்றும் கேட்கவில்லை.
நேரே நடந்தால் சோபாவுக்கு நாலு எட்டுத்தான்.
அவரோ சுவரோரமாய்ச் சுற்றிவந்து
கதவுக்கென்று நான் விட்டிருந்த இடைவெளியில் நின்று
சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக்
காற்றில் இரண்டு முறை தட்டினார்.

“வரலாமோ?”

“வாங்கோ,” என்றேன்.
“கவனம், கட்டில் நித்திரை.”